8 அங்குல டாப்சோனியனா, கணினி வைத்த மக்சுடோவா? முதலில் படிக்கட்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். முதல் தொலைநோக்கி வாங்கப் போகிறீர்கள். உங்கள் பட்ஜெட்டுக்குள் மூன்று வருகின்றன: 200 மி.மீ., அதாவது 8 அங்குல விட்டமுள்ள டாப்சோனியன் (பெட்டித் தாங்கியில் வைத்துக் கையால் தள்ளும் ஆடித் தொலைநோக்கி). தானே திரும்பித் தேடிக் காட்டும் கோ-டூ மவுண்டில் (மவுண்ட் என்பது குழலைத் தாங்கும் அடிப்பகுதி) 127 மி.மீ. மக்சுடோவ் (முன்னால் வில்லையும் உள்ளே ஆடியும் உள்ள குட்டைக் குழல்), ஈக்வடோரியல் மவுண்டில் 130 மி.மீ. நியூட்டோனியன். நிலா, கிரகங்கள், நெபுலா, கேலக்ஸி எல்லாம் பார்க்க ஆசை, முடிந்தால் படமும் எடுக்க வேண்டும். வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது, மொட்டை மாடிக்கு இன்னும் ஒரு மாடி ஏற வேண்டும். பக்கத்திலேயே தெருவிளக்கு. கூடவே ஒரு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும், மாற்றிப் போடக்கூடிய வில்லை) பெட்டியும் வாங்கலாமா என்கிறீர்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர் என்பதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஐபீஸ் விஷயத்தில் அதுதான் முக்கியமான தகவல்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 25 கிலோ எடையை இரண்டு நடையில் மேலே ஏற்றி, பார்த்து முடித்த பிறகு தூக்கக் கலக்கத்தில் திரும்ப இறக்கவும் உங்களால் முடியும் என்றால், டாப்சோனியன். முடியாது என்றால் மக்சுடோவ். மூன்றாவதை மறந்துவிடுங்கள். படம் எடுக்கும் ஆசையை இந்தப் பணத்தோடு கலக்காதீர்கள். ஐபீஸ் பெட்டி வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஐபீஸ் ஒன்றே ஒன்று வாங்குங்கள்.

இனி காரணங்கள்.

விட்டம் பெரிதாக இருந்தால் என்ன லாபம்? இருட்டில் விரிந்த கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மி.மீ. 200 மி.மீ. ஆடியின் பரப்பு அதைப்போல 800 மடங்குக்கும் மேல். 127 மி.மீ.யோடு ஒப்பிட்டால் 200 மி.மீ. இரண்டரை மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. காகிதத்தில் இது சாதாரணமாகத் தெரியும். ஹெர்குலிஸ் மண்டலத்தில் இருக்கும் எம்13 என்ற நட்சத்திரக் கொத்தை இரண்டிலும் மாறி மாறிப் பார்த்தால்தான் புரியும். 127-இல் அது மங்கலான ஒரு பந்து, ஓரங்களில் மட்டும் சில புள்ளிகள் கண்ணில் பட்டு மறையும். 200-இல், ஓரளவு இருட்டான இடத்தில், அந்தப் பந்து நட்சத்திரங்களாக உதிர்ந்து நிற்கும். ஒன்றைப் பார்த்தால் "சரி, இருக்கிறது" என்போம். மற்றதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவோம்.

நுணுக்கம் பிரிக்கும் திறனும் விட்டத்தோடு ஏறும். 116-ஐ மி.மீ. கணக்கில் விட்டத்தால் வகுத்தால், எவ்வளவு நெருங்கிய இரட்டை நட்சத்திரத்தைப் பிரிக்கலாம் என்பது வில்விநாடியில் (பாகையின் 3600-இல் ஒரு பங்கு) கிடைக்கும். 200-க்கு 0.58, 127-க்கு 0.91. ஆனால் பெரும்பாலான இரவுகளில் காற்றின் அலைவே ஒன்று, இரண்டு வில்விநாடிக்குப் படிமத்தைக் குழப்பிவிடும். அதனால் கிரகங்களைப் பொறுத்தவரை சுமாரான இரவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. காற்று அடங்கிய இரவில் பெரியது சட்டென முந்திவிடும்.

தெருவிளக்கு, நகர ஒளி பற்றி ஒரு வார்த்தை. நிலாவும் கிரகங்களும் நகர ஒளியைச் சட்டை செய்வதில்லை. வியாழனை விளக்குக் கம்பத்தின் அடியில் நின்றுகூடப் பார்க்கலாம். அடிபடுவது கேலக்ஸிகளும் நெபுலாக்களும்தான். இருட்டான ஊர்ப்புறத்தில் ஒரு 130 மி.மீ. காட்டும் கேலக்ஸியை நகரத்து மாடியில் ஒரு 200 மி.மீ. காட்டாது. எனவே "பெரிய குழல் வாங்கினால் நகர ஒளியைச் சரிக்கட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். நட்சத்திரக் கொத்துகளுக்கு அது பொருந்தும், பரவிக் கிடக்கும் மங்கலான பொருட்களுக்குப் பொருந்தாது. கண்ணில் நேரே விழும் விளக்கு வேறு சங்கதி. ஒரு கறுப்புத் துணியைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு பார்த்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

டாப்சோனியன் என்பது தனி வகை ஆடி எல்லாம் கிடையாது. நியூட்டன் 1668-இல் செய்த அதே அமைப்புதான்: அடியில் குழியாடி, மேலே சாய்வாக ஒரு சின்னச் சமதள ஆடி, பக்கவாட்டில் கண் வைக்கும் இடம். புதுமை அடித்தளத்தில் இருக்கிறது. ஜான் டாப்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த மடத்தில் துறவியாக இருந்தவர். மடத்தில் இருந்தபோதே கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, அட்டைக் குழலில் பொருத்தி, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டியவர். மடத்தை விட்டு வந்த பிறகு, 1968-இல் அவரும் நண்பர்களும் நடைபாதை வானியலாளர்கள் என்ற குழுவைத் தொடங்கினார்கள். விலையுயர்ந்த பல்சக்கரத் தாங்கிக்குப் பதில் ஒட்டுப்பலகைப் பெட்டி. குழல் மேலும் கீழும் ஆடும், பெட்டி இடமும் வலமும் சுழலும். அவ்வளவுதான். இதனால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி ஆடிக்குப் போகிறது. மற்ற இரண்டிலும் மோட்டாருக்கும் முக்காலிக்கும் போகிறது. ஒரே விலையில் விட்டம் இவ்வளவு மாறுவதற்குக் காரணம் இதுதான், வேறு ரகசியம் இல்லை.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, கையால் தள்ளுவது. வானம் விநாடிக்கு 15 வில்விநாடி வேகத்தில் நகர்கிறது. 200 மடங்கு உருப்பெருக்கத்தில், 50 பாகை அகலம் காட்டும் சாதாரண ஐபீஸில், கால் பாகை வானம்தான் தெரியும். வியாழனை ஒரு ஓரத்தில் நிறுத்தினால் அறுபது விநாடியில் எதிர் ஓரம் வழியாக வெளியே போய்விடும். அதற்குள் நீங்கள் கிரகத்தின் மீது இருக்கும் இரண்டு பட்டைகளையும் பார்த்து, பெரிய சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று தேடி, குழலை ஒரு நூல் நகர்த்தி மறுபடி ஓரத்தில் வைக்க வேண்டும். கொஞ்ச நாளில் கை தானாகச் செய்யும். ஆனால் வரிசையில் குழந்தைகள் நிற்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டும் என்றால் இது சலிப்புத் தரும் வேலை. அங்கே தானாகப் பின்தொடரும் மவுண்ட் ஒரு வரம். உங்கள் வீட்டில் பார்க்கப் போவது யார் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இப்போது எடை. 8 அங்குல டாப்சோனியனின் குழல் பத்துப் பன்னிரண்டு கிலோ, அடித்தளமும் ஏறத்தாழ அதே அளவு. எடையைவிட வடிவம்தான் பிரச்சினை. குழல் கிட்டத்தட்ட 115 சென்டிமீட்டர் நீளம், பிடிக்க வாகான இடம் குறைவு, படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் இடிக்கும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே நீளத்துக்கு ஏதாவது ஒன்றை, 12 கிலோ எடை வருகிற மாதிரி கட்டி, இரவு பத்து மணிக்கு மாடிக்குத் தூக்கிப் போய்த் திரும்ப இறக்குங்கள். நாளைக்கும் இதைச் செய்வேனா என்று உங்களையே கேளுங்கள். மொட்டை மாடியில் பூட்டி வைக்க ஒரு சின்ன அறை இருக்கிறது என்றால் இந்தக் கேள்வியே இல்லை, டாப்சோனியனை வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: 130 மி.மீ. மேசை டாப்சோனியன். மொத்தமே ஆறு கிலோ சுற்றுவட்டாரம். ஒரு கையில் தூக்கிப் போய் உறுதியான ஸ்டூல் மேல் வைத்துவிடலாம். நீங்கள் எழுதிய மூன்றாவது தேர்வில் இருக்கும் அதே விட்டம், தொல்லை பிடித்த அந்த மவுண்ட் இல்லாமல்.

அந்த மவுண்ட் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை. நல்ல ஈக்வடோரியல் மவுண்ட் அருமையான கருவி. அதன் ஒரு அச்சைத் துருவத்தை நோக்கி வைத்துவிட்டால், ஒரே அச்சைச் சுழற்றி நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். ஆனால் ஆரம்பநிலைக் கருவிகளோடு தருவது மெலிந்த கால்களும், தளர்ந்த பல்சக்கரமும் உள்ள ஒன்று. குவியத்தைச் சரிசெய்யத் திருகைத் தொட்டால் போதும், நிலா முழுக்க நடுங்கும். கடையில் வைத்தே சோதிக்கலாம்: குழலை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஒன்றிரண்டு விநாடியில் அடங்கினால் நல்லது. ஐந்து விநாடி ஆடினால் அந்த மவுண்டில் கிரகம் பார்க்க முடியாது. இன்னொரு தலைவலி: நியூட்டோனியன் குழலை ஈக்வடோரியலில் வைத்தால், வானத்தில் இடம் மாற மாறக் கண் வைக்கும் துளை மேலேயும் அடியிலேயும் போய்விடும். ஒவ்வொரு தடவையும் வளையத்தைத் தளர்த்திக் குழலை உருட்ட வேண்டும். துருவ நட்சத்திரம் உங்கள் அடிவானத்தில் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தால், அச்சைச் சரியாக நிறுத்துவதே தனி வேலை. புதிதாக வருபவர் வானத்தைக் கற்க வேண்டிய நேரத்தில் மவுண்டைக் கற்றுக்கொண்டிருப்பார்.

இந்த வகையில் இன்னொரு பொறி உண்டு. பெட்டியில் குவியத்தூரம் 1000 மி.மீ. என்று இருக்கும், குழலின் நீளமோ அரை மீட்டர்தான் இருக்கும். நியூட்டோனியனில் குழல் நீளமும் குவியத்தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால், கண் வைக்கும் குழாய்க்குள் நிரந்தரமாக ஒரு வில்லையைச் சொருகி, மலிவான கோளக ஆடியை ஒப்பேற்றியிருக்கிறார்கள். அதில் படிமம் கூர்மையாக வருவது அரிது, ஆடிகளை நேர்படுத்துவதும் பெரும்பாடு. "600 மடங்கு பெரிதாக்கும்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், ஐபீஸில் எஸ்ஆர்4 என்றோ எச்20 என்றோ (பழைய மலிவு வகைகளின் அடையாளம்) போட்டிருந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மக்சுடோவுக்கு வருவோம். இதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சிலருக்கு இதுதான் சரியான கருவி. குழல் மூன்றரைக் கிலோ, முன்கை நீளம். ஆடிகளை நேர்படுத்தும் வேலை கிட்டத்தட்ட இல்லை. குவியத்தூரம் 1500 மி.மீ., அதாவது எஃப்/12-க்குப் பக்கம் (குவியத்தூரம் விட்டத்தைப்போல 12 மடங்கு). அதனால் சாதாரண ஐபீஸ்கூட ஓரம் வரை கூர்மையாகக் காட்டும். டாப்சோனியனின் எஃப்/6-இல் அதே மலிவான அகலக் கோண ஐபீஸைப் போட்டால் ஓரத்து நட்சத்திரங்கள் சிறகு முளைத்த மாதிரி இழுபடும். இரட்டை நட்சத்திரங்கள், நிலாவின் பள்ளங்கள், வியாழன், சனி ஆகியவற்றுக்கு மக்சுடோவ் கச்சிதம்.

அதன் குறை, குறுகிய பார்வை. ஒன்றேகால் அங்குலக் குழாயில் எந்த ஐபீஸைப் போட்டாலும் அதிகபட்சம் ஒரு பாகை வானம்தான் தெரியும், இரண்டு நிலா அகலம். கார்த்திகைக் கொத்து ஏறத்தாழ இரண்டு பாகை பரந்து கிடப்பது. மக்சுடோவில் அது முழுதாக அடங்கவே அடங்காது. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி மூன்று பாகை நீளம். நடுப்பகுதி மட்டும் கிடைக்கும். 8 அங்குலத்தில் இரண்டு அங்குல ஐபீஸ் போட்டால் இரண்டு பாகையை எட்டிப்பிடிக்கலாம், கார்த்திகை அப்படியே உட்காரும். குறுகிய பார்வைக்கு இன்னொரு பக்கவிளைவு உண்டு: கையால் எதையும் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதனால்தான் இந்தக் குழலோடு கோ-டூ நன்றாகச் சேர்கிறது.

கோ-டூ பற்றி இருவேறு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, வானத்தைக் கையால் தேடிக் கற்றவனே வானியலாளன் என்னும். இருட்டான இடத்தில் அதை ஒப்புக்கொள்வேன். நகரத்து மாடியில் வழிகாட்ட நட்சத்திரமே நாலைந்துதான் தெரிகிறது. அங்கே கையால் தேடு என்பது பிடிவாதம். கோ-டூவும் மந்திரம் இல்லை. நேரம், தேதி, இடம் கொடுக்க வேண்டும், முக்காலியைச் சமமாக வைக்க வேண்டும், இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும். திருவாதிரையைக் காட்டச் சொன்னால் எது திருவாதிரை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி பாதியில் இறங்கினால் வேறொன்றும் செய்ய முடியாது, ஆகவே வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வழியை ஆரம்பத்திலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இப்போது செல்பேசியைக் குழலில் மாட்டி, அதன் கேமரா வானத்தைப் படமெடுத்து எங்கே பார்க்கிறோம் என்று கண்டுபிடித்து, இப்படித் தள்ளு அப்படித் தள்ளு என்று அம்புக்குறி காட்டும் ஏற்பாடு வந்துவிட்டது. டாப்சோனியனில் அது கிடைத்தால் கோ-டூவின் முக்கால்வாசிப் பயன் மோட்டார் இல்லாமலே கிடைக்கும். வாங்கும்போது அந்த வசதி உள்ள மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஐபீஸ்தான் இந்தக் கேள்வியின் சுவையான பகுதி, புதியவர்கள் கடைசியில் யோசிப்பதும் அதைத்தான். உருப்பெருக்கம் என்பது குழலின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுப்பது. 1200 மி.மீ. டாப்சோனியனோடு வழக்கமாக 25, 10 மி.மீ. இரண்டு வரும்: 48 மடங்கு, 120 மடங்கு. 48 மடங்கு குறைவாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பூமிக்கு அருகில் வரும்போது வியாழனின் அகலம் சுமார் 45 வில்விநாடி, முழுநிலவு சுமார் 1800. ஆக 40 மடங்கிலேயே வியாழன், வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவுக்கு வந்துவிடுகிறது. நம்ப மாட்டீர்கள், அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. சுற்றிலும் ஒப்பிட ஒன்றும் இல்லாத கறுப்பு வெளியில் கண் அளவைக் குறைத்தே மதிப்பிடும். கலிலியோ 1610-இல் வியாழனின் நான்கு நிலவுகளையும் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்தான்.

மேல் எல்லை? விட்டம் மி.மீ.யில் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு என்பது ஏட்டுக் கணக்கு, 200 மி.மீ.க்கு 400. நடைமுறையில் காற்று 200, 250-க்கு மேல் விடுவது அபூர்வம். எனவே உங்களுக்கு வேண்டிய மூன்றாவது ஐபீஸ் 6 மி.மீ. சுற்றுவட்டாரம், 200 மடங்கு. இங்கேதான் உங்கள் மூக்குக் கண்ணாடி வருகிறது. வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண்ணை வைத்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பது ஒவ்வொரு ஐபீஸுக்கும் ஒரு கணக்கு. பெட்டிகளில் நிறைந்திருக்கும் பிளாஸல் வகையில் அது குவியத்தூரத்தில் முக்கால் பங்கு சுமார், 6 மி.மீ. பிளாஸலில் கண்ணை வில்லைக்கு நாலைந்து மி.மீ. பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். இமை முடி வில்லையில் உரசும், வியர்வை படியும், கண்ணாடி போட்டபடி பார்ப்பது நடக்காத காரியம். கண்ணாடியோடு பார்க்க 15 முதல் 20 மி.மீ. வேண்டும். அப்படித் தயாரித்த 6 மி.மீ. ஐபீஸ்கள் தனியாகக் கிடைக்கின்றன, அகலக் கோணமும் சேர்ந்தே வரும். டாப்சோனியனுக்கு அகலக் கோணம் ஆடம்பரம் இல்லை: 82 பாகை ஐபீஸில் வியாழன் ஓரம் தாண்ட ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும், தள்ளும் வேலை அந்த அளவுக்குக் குறையும்.

உங்கள் கண்ணாடி வெறும் கிட்டப்பார்வைக்கோ தூரப்பார்வைக்கோ என்றால் கழற்றிவிட்டே பார்க்கலாம், குவியத் திருகைச் சற்றுத் திருகினால் சரியாகிவிடும். சிலிண்டர் பவர், அதாவது ஆஸ்டிக்மாட்டிசம் இருந்தால்தான் கண்ணாடியோடு பார்க்க வேண்டிவரும். அதிலும் அதிக உருப்பெருக்கத்தில் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை ஒரு மி.மீ. அளவுக்கு மெலிந்துவிடுவதால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. குறைந்த உருப்பெருக்கத்தில்தான் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். கண் மருத்துவர் எழுதித் தந்த சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம் பார்லோ. இருக்கும் ஐபீஸின் உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் வில்லை, 10 மி.மீ.யோடு சேர்த்தால் 240 மடங்கு. கண் வைக்கும் தூரம் குறையாமல் உருப்பெருக்கம் ஏறுவது அதன் நல்ல குணம். மலிவான பார்லோ படிமத்தைக் கெடுக்கும், நல்ல பார்லோவின் விலைக்கு நல்ல ஐபீஸே வந்துவிடும். 8–24 மி.மீ. ஜூம் ஐபீஸ் பலருக்குப் பிடிக்கும். எனக்கு மக்சுடோவில் பிடிக்கும், டாப்சோனியனில் பிடிக்காது. 24 மி.மீ. பக்கம் அதன் பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலச் சுருங்கிவிடும்.

ஐபீஸ் பெட்டியில் இன்னும் என்ன இருக்கும்? சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள். ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் புதிதாக அப்படியே இருக்கும். நிலா ஃபில்டரும் தேவையில்லை, நிலா கண்ணைக் கூசினால் பக்கத்தில் ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு இருட்டான இடத்துக்குக் கருவியை எடுத்துப் போகும் வழக்கம் வந்தால், ஓ-III என்ற ஃபில்டர் ஒன்று வாங்கலாம். நெபுலாக்களில் இருக்கும் ஆக்சிஜன் உமிழும் 495.9, 500.7 நானோமீட்டர் ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும்; சிக்னஸ் மண்டலத்து வேல் (Veil) நெபுலா அது இல்லாமல் அரிதாகவும் அதோடு தெளிவாகவும் தெரியும். கேலக்ஸிகளுக்கு அது உதவாது.

சூரியனைப் பார்க்கும் ஆசை இருந்தால் குழலின் முன்வாயை முழுவதும் மூடும் ஃபில்டர் மட்டுமே. ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி எதனோடாவது வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். குவிந்த வெயிலில் அது திடீரென விரிசல் விடும், அந்த நேரத்தில் கண் அங்கே இருக்கும். ஃபைண்டரையும் (குறிபார்க்க உதவும் சின்னக் குழல்) மூடியோ கழற்றியோ வையுங்கள்.

படம் எடுப்பது. நிலாவை எந்தக் கருவியிலும் செல்பேசியை ஐபீஸில் பிடித்து எடுத்துவிடலாம், நன்றாகவே வரும். கிரகங்களுக்கு ஒரு சின்னக் கேமராவில் வீடியோவாக ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள் எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருளில் நல்லவற்றைப் பொறுக்கி அடுக்க வேண்டும். இதற்குத் தானாகப் பின்தொடரும் மக்சுடோவ் வசதி. டாப்சோனியனிலும் முடியும், பொறுமை வேண்டும். நெபுலா, கேலக்ஸி படங்கள் முற்றிலும் வேறு உலகம். அங்கே முதல் செலவு கனமான மவுண்டுக்கு, குழல் அதற்கப்புறம்தான். இணையத்தில் பார்க்கும் செக்கச்சிவந்த நெபுலாக்களை மனதில் வைத்துக்கொண்டு ஐபீஸில் கண் வைக்காதீர்கள். மங்கலான ஒளியில் நம் கண் நிறம் பார்க்காது, ஓரியன் நெபுலாவே சாம்பல், அதிகம் போனால் லேசான பச்சை. அதற்கும் இருட்டில் இருபது முப்பது நிமிடம் கண்ணைப் பழக்க வேண்டும்.

நிறம்தான் வேண்டும், அதுவும் நகரத்து மாடியிலிருந்து வேண்டும் என்றால் நேர்மையான பதில், மூன்றையும் விட்டு சீஸ்டார் எஸ்50 மாதிரி ஒரு ஸ்மார்ட் தொலைநோக்கி. 50 மி.மீ. வில்லை, 250 மி.மீ. குவியத்தூரம், தானே பல குறும்படங்களை எடுத்து அடுக்கிச் செல்பேசியில் காட்டும். நெபுலாக்கள் அதில் வியக்க வைக்கும். ஆனால் வியாழன் அதன் படத்தில் இருபது பிக்சல் அகலம்கூட வராது. கண் வைத்துப் பார்க்க ஐபீஸும் இல்லை. உங்களுக்குப் பார்க்க வேண்டுமா, படம் வேண்டுமா என்பதை இந்த ஒரு கருவி நறுக்கென்று கேட்டுவிடும்.

டாப்சோனியன் என்று முடிவானால், ஆடிகளை நேர்படுத்தும் பேச்சைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஐபீஸைக் கழற்றி, நடுவில் ஊசித் துளையிட்ட மூடியை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். சின்ன ஆடி தெரியும், அதற்குள் பெரிய ஆடி தெரியும், பெரிய ஆடியின் நடுவே தொழிற்சாலையில் ஒட்டிய சின்ன வளையம் தெரியும். குழலின் அடியில் மூன்று திருகுகள் இருக்கும். அவற்றை மெதுவாகத் திருகி, நீங்கள் பார்க்கும் துளையின் பிம்பம் அந்த வளையத்துக்குள் வந்து உட்காரும்படி செய்ய வேண்டும். பழகினால் இரண்டு நிமிட வேலை. மேலே இருக்கும் சின்ன ஆடியின் திருகுகளைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். பிறகு ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்துக் குவியத்தைச் சற்றுக் கலையுங்கள். வளையங்களும் நடுவிலுள்ள கறுப்பு வட்டமும் ஒரே மையத்தில் இருந்தால் சரி. துருவ நட்சத்திரம் தெரிகிற இடம் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், நகராமல் நிற்கும்.

கருவியை வெளியே கொண்டுவந்ததும் கண் வைத்துவிட்டு "கிரகம் குழைகிறதே" என்று சோர்ந்துவிடாதீர்கள். ஆடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வர அரை மணி முதல் ஒரு மணி ஆகும். மக்சுடோவ் மூடிய குழல் என்பதால் அதற்கும் அதே காத்திருப்பு. மொட்டை மாடித் தளம் பகலில் குடித்த வெயிலை நள்ளிரவு வரை விடும், அந்தச் சூடு எழும் திசையில் எதுவும் கூர்மையாக நிற்காது. உயரத்தில் இருக்கும் பொருட்களை முதலில் பாருங்கள். கருவி வாங்கிய மறுநாளே சனியை எதிர்பார்த்தால் ஒரு தகவல்: 2025 மார்ச்சில் அதன் வளையங்கள் நமக்கு விளிம்பாகத் திரும்பின, சில ஆண்டுகளுக்கு மெல்லியதாகத்தான் தெரியும்.

கடைசியாக, பழைய கருவி கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டாப்சோனியனை தாராளமாக வாங்கலாம், கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. கோ-டூ மவுண்டைப் பழையதாக வாங்குவதென்றால் இரண்டு அச்சும் எல்லாத் திசையிலும் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆடியில் டார்ச் அடித்தால் எந்த ஆடியும் பயங்கரமாகத் தெரியும், அதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். தூசி படிமத்தைத் தொடாது. விளிம்பிலிருந்து அலுமினியப் பூச்சு உரிந்து கண்ணாடி தெரிகிறதா, பூஞ்சைக் கறை பரவியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். அப்படி இருந்தால் மறுபூச்சுச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். வாங்கி வந்த பிறகு தூசியைத் துணியால் துடைக்கவே கூடாது.